தம்பி முதலாளி, அண்ணன் வேலையாள்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் ஒரு வாசகி, தன் தங்கை நடத்தும் நிறுவனத்தில் வேலைக்குச் சேரலாமா என்று கேட்டிருந்தார். "சேருங்கள், ஆனால் முதல் நாளே என்ன வேலை என்று பேசிக்கொள்ளுங்கள்" என்று நாலே வரியில் பதில் எழுதியிருந்தேன். நாலு வரியில் முடிகிற விஷயமா இது என்று பலர் உரிமையோடு கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கோபம்தான். நானே ஏழு வருடம் என் தம்பியின் அச்சகத்தில் வேலை பார்த்தவன், எனக்கு இன்னும் கொஞ்சம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்தத் தடவை பகுதி முழுவதும் இதற்கே. எழுதியவர்களின் பெயர், ஊர் எதையும் போடவில்லை.

கேள்வி: எனக்கு 47 வயது, தம்பிக்கு 41. நான் இருபது வருடம் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். தம்பிதான் "என்கிட்ட வாங்கண்ணா, சரக்குக் கணக்கு பார்க்க நம்பிக்கையான ஆள் இல்லை" என்று கூப்பிட்டான். ஒன்றரை வருடம் ஆகிறது. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நான் முடித்துக் கொடுக்கும் இருப்புப் பட்டியலை எனக்குத் தெரியாமல் கணக்குப் பிரிவில் ஒரு பையனிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறான். போன வாரம் அந்தப் பையனே வந்து "சார், இந்த மூணு ஐட்டம் மட்டும் இடிக்குது" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. நாலு மாதமாக நடக்கிறதாம். தம்பிக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். இரவில் தூக்கம் வரவில்லை. விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள் என்கிறாள் மனைவி. நான் தேவையில்லாமல் பெரிதுபடுத்துகிறேனா?

இல்லை, பெரிதுபடுத்தவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கே வயிற்றைப் பிசைந்தது. ஆனால் முதலில் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளாமல் யோசியுங்கள்: அந்த மூன்று ஐட்டம் உண்மையிலேயே இடித்ததா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இருந்திருந்தால் அதில் தப்பில்லை, யார் கணக்கிலும் இடிக்கும். நான் கேட்பதற்குக் காரணம், என் கதையிலும் நான் அந்த இடத்தைத்தான் தாண்டிப் போனேன்.

அச்சகத்தில் என் வேலை பக்கங்களை வரிசைப்படுத்திக் கொடுப்பது. புத்தக வேலையில் 16 பக்கங்களை ஒரே தாளில் இரண்டு புறமும் அச்சடிப்பார்கள், அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர். தாளை மடித்து வெட்டினால் பக்கங்கள் ஒன்று, இரண்டு என்று வரிசையாக வந்து நிற்க வேண்டும். அதற்காகத் தாளில் அவற்றை இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருக்கும். சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. முதல் ஃபாரத்தில் ஜோடியாக நிற்கும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் 17 வரும், 17 முதல் 32 வரை பக்கங்கள் உள்ள இரண்டாவது ஃபாரத்தில் 49. ஒரு நாள் இரண்டாவது ஃபாரத்தில் 28-க்கு ஜோடியாக 21 நிற்க வேண்டிய இடத்தில் 23-ஐ வைத்துவிட்டேன். கூட்டினால் 51. கூட்டிப் பார்க்கவில்லை. அப்படியே பிளேட் போட்டு, அச்சடித்து, சாயங்காலம் வீட்டுக்கும் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் வந்தால் தாள்கள் அடுக்கி இருந்தன, எல்லாம் சரி. நான் எதையும் கவனிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, பைண்டிங்கில் இருந்த ஓர் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்க தம்பி அன்னைக்கு விடிய விடிய மிஷின்கிட்டயே நின்னாரு சார், புது பிளேட் போட்டு மறுபடி அடிச்சாங்க." எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. அப்போதும் எனக்கு வந்த முதல் கோபம் என் தப்பின் மேல் வரவில்லை, என்னிடம் சொல்லாத தம்பி மேல்தான் வந்தது. பைண்டிங்கில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று. பத்து நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை. அவனுக்கோ நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்றே புரியவில்லை.

கடைசியில் காகிதக் கட்டுகள் அடுக்கியிருக்கும் அறையில் வைத்துக் கேட்டேவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "உங்ககிட்ட எப்படிண்ணே சொல்றது?" என்றான். அவ்வளவுதான் சொன்னான். முப்பது வருடமாக வீட்டில் திட்டுகிறவன் நான், திட்டு வாங்குகிறவன் அவன். என்னைத் திட்டுவதற்கு அவனிடம் வார்த்தையே இல்லை. திட்டுவதை விடுங்கள், "அண்ணே, இது தப்பா இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்லக்கூட வழி தெரியாமல், ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் நின்றிருக்கிறான்.

அன்றிலிருந்து நான் நம்புவது இது: மூத்தவர்களுக்கு இந்த வேலையில் வலிப்பது பெரும்பாலும் இளையவர் போடும் உத்தரவு இல்லை. அவர் மரியாதை பார்த்து வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளும் உத்தரவுதான். நேராகச் சொல்ல முடியாததை அவர்கள் வேறு ஆள் மூலம் சொல்வார்கள், அல்லது தாங்களே எடுத்துச் செய்துவிடுவார்கள், அல்லது கொஞ்சம் கொஞ்சமாக உங்களுக்கு முக்கியமான வேலை கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். மூன்றாவதுதான் மோசம், ஏனென்றால் அது நடப்பது ரொம்ப நாளைக்குத் தெரியாது. உங்கள் தம்பி இன்னும் அந்த இடத்துக்குப் போகவில்லை. உங்கள் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்கிறார் என்றால் உங்கள் பட்டியலை இன்னும் நம்பித்தான் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. சரக்கைக் கையில் வைத்திருப்பவரே கணக்கையும் எழுதி, அவரே சரியும் பார்க்கக் கூடாது என்பது கணக்கு வேலையின் பால பாடம். இருபது வருட அனுபவம் உள்ள உங்களுக்கு அது தெரியாமல் இருக்காது. பழைய கம்பெனியில் இன்னொருவர் உங்கள் கணக்கைப் பார்த்தபோது நீங்கள் தூக்கம் கெட்டிருக்க மாட்டீர்கள். ஆகவே சரிபார்த்தது அவமானம் இல்லை, ஒளித்துச் செய்ததுதான் அவமானம். இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டால் தம்பியிடம் என்ன கேட்பது என்று தெளிவாகிவிடும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "என் பட்டியலை இன்னொருத்தர் பார்க்கட்டும், பார்க்கத்தான் வேணும். ஆனா அது எனக்குத் தெரிஞ்சு நடக்கட்டும், எல்லார் பட்டியலுக்கும் நடக்கட்டும். இடிச்சா அன்னைக்கே நீயே என்கிட்ட சொல்லு. நான் உன்னைத் தப்பா நினைக்க மாட்டேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதற்காகத்தான் அவர் நாலு மாதமாகக் காத்திருக்கிறார். சொன்ன பிறகு, அவர் முதல் தடவை ஒரு தப்பைச் சொல்லும்போது உங்கள் முகம் சுண்டிப் போகக் கூடாது. கஷ்டம்தான். எனக்குப் போயிற்று, அவன் உடனே பேச்சை மாற்றிவிட்டான், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

வேலையை விடுவதா என்பதை இந்தப் பேச்சு முடிந்த பிறகு முடிவு செய்யுங்கள். பேசிப் பார்த்தும் அவர் ஒளித்துத்தான் செய்கிறார் என்றால் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. பேசாமல் விட்டுப் போனால் மட்டும், நீங்கள் ஏன் போனீர்கள் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது, சொந்தத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொள்வார்கள்.

எட்டு மாதம் வீட்டில் இருந்ததை எழுதும்போது உங்கள் எழுத்து கொஞ்சம் குனிந்து போகிறது. அவர் கூப்பிட்டது உதவிதான், அதற்கு மனதில் நன்றி இருக்கட்டும். ஆனால் மாதாமாதம் வாங்குவது அந்த உதவியின் தவணை இல்லை, செய்த வேலைக்குச் சம்பளம். நன்றியை நினைத்து நீங்கள் வாயை மூடிக்கொள்கிறீர்கள், மரியாதையை நினைத்து அவர் மூடிக்கொள்கிறார், நடுவில் கணக்குப் பிரிவுப் பையன் மாட்டிக்கொண்டு முழிக்கிறான்.

தம்பிக்குக் கீழே வேலை பார்த்து ஒரு மனிதன் நிமிர்ந்து நிற்க முடியுமா என்று சந்தேகம் வந்தால் ராய் டிஸ்னியை நினைத்துக்கொள்ளுங்கள். வால்ட் டிஸ்னியின் அண்ணன், எட்டு வயது மூத்தவர். 1923-ல் இருவரும் சேர்ந்து ஆரம்பித்தபோது நிறுவனத்தின் பெயர் டிஸ்னி பிரதர்ஸ் ஸ்டுடியோ. 1926-ல் அது வால்ட் டிஸ்னி ஸ்டுடியோ ஆயிற்று, அண்ணன் பெயர்ப் பலகையிலிருந்தே போய்விட்டார். என்ன படம் எடுப்பது என்பது தம்பி முடிவு, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது அண்ணன் பொறுப்பு. பெரிய சண்டைகளும் நடந்திருக்கின்றன. 1966 டிசம்பரில் வால்ட் இறந்தபோது ராய்க்கு வயது 73, ஓய்வு பெறுவதாக இருந்தவர். அதைத் தள்ளிவைத்துவிட்டு, தம்பி கனவு கண்ட ஃப்ளோரிடா பூங்காவைக் கட்டி முடித்து 1971 அக்டோபரில் திறந்தார். டிஸ்னி வேர்ல்ட் என்று வைக்கவிருந்த பெயரை, தம்பியின் முழுப் பெயரும் வர வேண்டும் என்று வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்று மாற்றவைத்தவரும் அவர்தான். அந்த டிசம்பரிலேயே அவரும் போய்விட்டார். அவரைத் தம்பிக்கு அடங்கிப் போனவர் என்று யாராவது சொல்வார்களா? தன் வேலை எது, தம்பியின் வேலை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: நான் இளையவள், நிறுவனம் என்னுடையது. அக்கா வாடிக்கையாளர் பிரிவைப் பார்க்கிறாள், நன்றாகவே பார்க்கிறாள். ஆனால் தினமும் அரைமணி நேரம் தாமதம். அதைவிட, கூட்டத்தில் நான் ஏதாவது சொன்னால் "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறாள், சிரித்துக்கொண்டேதான். அம்மாவிடம் சொன்னேன். அம்மா போய்ச் சொல்ல, அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது இன்னும் மோசம்.

அம்மாவை அனுப்பியது தப்பு, அதை முதலில் அக்காவிடம் நீங்களே ஒத்துக்கொள்ளுங்கள். மேலே அந்த அண்ணனுக்குக் கணக்குப் பிரிவுப் பையன் மூலம் தெரிந்தது, உங்கள் அக்காவுக்கு அம்மா மூலம் தெரிந்திருக்கிறது. வலி ஒன்றேதான். அக்காவின் ஒரு வார மௌனத்தை நான் அப்படித்தான் படிக்கிறேன்: "என்னிடம் சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

தாமதம் சின்ன விஷயம். காரணம் என்ன என்று கேட்டிருக்கிறீர்களா? பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறாரோ என்னவோ. நியாயமான காரணம் என்றால் அவருடைய நேரத்தையே அரைமணி தள்ளிவைத்து, அதை மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். இதே காரணம் சொல்லி வேறு யாராவது கேட்டால் அவர்களுக்கும் கொடுக்க வேண்டும், அதற்கும் தயாராக இருங்கள். காரணம் இல்லை என்றால், மற்றவர்களுக்கு என்ன சொல்வீர்களோ அதையே அதே நாளில், அறைக்குள் வைத்துச் சொல்லுங்கள். மூன்று மாதம் சேர்த்துவைத்து ஒருநாள் கொட்டாதீர்கள். சேர்த்துவைத்துக் கொட்டினால் எல்லாம் சேர்ந்து சின்ன வயது சண்டை ஆகிவிடும், யார் யாருடைய பென்சில் பெட்டியை உடைத்தார்கள் என்பது வரை போகும்.

"சும்மா இரு" என்பதுதான் பெரியது. நீங்கள் அதை உங்கள் மனக்காயமாகப் பார்க்கிறீர்கள், எனக்கு அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். அந்தச் சிரிப்பில் சேர்ந்து சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்கா சொல்வதைச் செய்வதா, நீங்கள் சொல்வதைச் செய்வதா என்ற குழப்பம் அவர்களுக்கு வந்துவிட்டது என்றால், கொஞ்ச நாளில் அக்காவின் பிரிவில் நடக்கும் தப்பு எதுவும் உங்கள் காதுக்கு வராது. அக்காவைப் பற்றித் தங்கையிடம் போய்ச் சொல்ல எவருக்குத் தைரியம் வரும்?

அக்காவிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். "வீட்டுல நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்க்கா. இங்கே கூட்டத்துல மட்டும் வேண்டாம். நான் சொல்றது தப்புன்னு தோணினா, கூட்டம் முடிஞ்சதும் என் அறைக்கு வந்து திட்டு." இதைச் சொல்வதோடு நீங்களும் ஒன்று செய்ய வேண்டும். அவருடைய பிரிவைத் தொடும் முடிவு எதையும் அவர் கூட்டத்தில்தான் முதல் தடவையாகக் கேட்கிறார் என்ற நிலை வரக் கூடாது. முந்தின நாளே கேட்டுவிடுங்கள். அக்கா என்பதற்காக இல்லை, அந்தப் பிரிவை நடத்துகிறவர் என்பதற்காக. நான் கவனித்தவரை, முன்கூட்டியே கேட்கப்பட்டவர்கள் கூட்டத்தில் குறுக்கே பேசுவது வெகுவாகக் குறைந்துவிடும்.

கேள்வி: எங்களுடையது சொந்தத் தொழில் இல்லை. நானும் தம்பியும் ஒரே பெரிய நிறுவனத்தில் வேறு வேறு பிரிவுகளில் இருந்தோம். பிரிவுத் தலைவர் பதவிக்கு இரண்டு பேரும் விண்ணப்பித்தோம், அவனுக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து நான் அவனுக்குக் கீழே. வாழ்த்தும் சொல்லிவிட்டேன், ஆனால் உள்ளே எரிகிறது.

எரியத்தான் செய்யும். போட்டி போட்டுத் தோற்பதே கஷ்டம், தோற்ற பிறகு தினமும் ஜெயித்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றால் அது இரட்டைக் கஷ்டம். வாழ்த்துச் சொன்னீர்களே, அதுவே பெரிய விஷயம்.

உங்கள் விஷயத்தில் மனதைத் தேற்றுவதற்கு முன்னால் ஒரு நடைமுறை வேலை இருக்கிறது. நீங்கள் உடன்பிறந்தவர்கள் என்பதை மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள், இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சொன்னால் இன்னும் நல்லது. நெருங்கிய உறவினர் ஒருவருக்கு ஒருவர் நேரடி மேலதிகாரியாக இருக்கக் கூடாது என்று பல நிறுவனங்களில் விதியே இருக்கும். உங்கள் நிறுவனத்தில் அப்படி விதி இல்லாவிட்டாலும், சம்பள உயர்வு, வருட மதிப்பீடு, புகார் விசாரணை மூன்றையும் வேறு ஒருவர் கையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இது தம்பிக்குத்தான் பெரிய நிம்மதி. உங்களுக்கு நல்ல மதிப்பெண் போட்டால் 'அண்ணன், அதான்' என்பார்கள், குறைத்துப் போட்டால் வீட்டில் பதில் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் செய்தும் எரிச்சல் அடங்கவில்லை என்றால் வேறு பிரிவு கேட்டுப் போவதில் ஒரு கேவலமும் இல்லை. பிரிட்டனில் 2010-ல் தொழிற்கட்சித் தலைமைக்கு டேவிட் மிலிபாண்ட், அவர் தம்பி எட் மிலிபாண்ட் இருவரும் போட்டியிட்டார்கள். தம்பி ஜெயித்தார், 50.65 சதவீதத்துக்கு 49.35, மயிரிழை. அண்ணன் முன்னாள் வெளியுறவு அமைச்சர், கட்சியில் பெரிய பெயர். ஆனாலும் தம்பி தலைமையிலான நிழல் அமைச்சரவையில் (எதிர்க்கட்சி தன் பக்கம் வைத்திருக்கும் மாற்று அமைச்சர் குழு) சேரவில்லை, மூன்று வருடம் கழித்து நாடாளுமன்றத்தையும் விட்டு, நியூயார்க்கில் ஓர் அகதிகள் உதவி அமைப்பை நடத்தப் போய்விட்டார். அதைக் கோபம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது தெளிவு என்றுதான் தோன்றுகிறது. அருகிலேயே இருந்திருந்தால் அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் தம்பிக்கு எதிராகத் திருப்பியிருப்பார்கள்.

கேள்வி: மூத்த பிள்ளைகள்தான் தலைமைக்குப் பொருத்தமானவர்கள் என்று படித்தேன். அப்படியானால் இயற்கைக்கு மாறான ஏற்பாடு அல்லவா இது?

பிறந்த வரிசையைப் பற்றிப் பெரிதாகப் பேச ஆரம்பித்தவர் வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லர். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் முதல் பிள்ளை சிம்மாசனத்திலிருந்து இறக்கப்பட்டதுபோல் உணர்கிறது என்றார். அந்த உணர்வு உண்மை என்று எந்த மூத்த பிள்ளையும் சொல்வார். ஆனால் அதனால் குணமே மாறிவிடுகிறதா என்றால், 2015-ல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாடுகளிலும் சேர்த்து 20,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. கலகலப்பு, மனநிதானம், ஒத்துப்போகும் தன்மை, பொறுப்பு இவற்றுக்கும் பிறந்த வரிசைக்கும் அதில் தொடர்பு தெரியவில்லை. ஆகவே இயற்கையை இதில் இழுக்க வேண்டாம். பழக்கம்தான் மாற வேண்டியிருக்கிறது.

கேள்வி: அண்ணன்-தம்பி இரண்டு பேரும் சேர்ந்துதான் உழைக்கிறோம். ஆனால் நிறுவனம் தம்பி பெயரில். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் "இது நம்ம கம்பெனிண்ணா, உங்களுக்கு எதுக்குச் சம்பளம், வேணும்கிறப்போ எடுத்துக்கோங்க" என்கிறான். கேட்க வெட்கமாக இருக்கிறது. என்ன செய்ய?

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். உங்கள் தம்பி அன்பாகத்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் 'வேணும்கிறப்போ எடுத்துக்கோங்க' என்றால், ஒவ்வொரு தடவையும் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும் என்றுதான் அர்த்தம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு, வீட்டு வாடகைக்கு, செருப்புக்கு. வயது ஆக ஆக அது மனிதரைச் சுருக்கிவிடும்.

நீங்கள் சம்பளக்காரரா, பங்குதாரரா? இரண்டில் ஒன்றைத் தம்பியோடு உட்கார்ந்து முடிவு செய்து எழுத்தில் வையுங்கள். சம்பளம் என்றால் மற்றவர்களுக்குப் போடும் அதே தேதியில், அதே வழியில் வர வேண்டும், கவரில் தனியாக வேண்டாம். பங்கு என்றால் எத்தனை சதவீதம், நஷ்டம் வந்தால் யாருக்கு எவ்வளவு, ஒருவர் விலக நினைத்தால் என்ன கணக்கு என்று பத்திரத்தில் இருக்க வேண்டும். 'நம்ம கம்பெனி' என்ற வார்த்தைக்குப் பத்திரத்தில் இடம் கிடையாது. நல்ல நாளில், இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். மனத்தாங்கல் வந்த பிறகு கேட்டால் அது பாகப்பிரிவினை மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: பெரியவன் சின்னவனிடம் வேலை பார்க்கிறான். இரண்டு பேரும் என் பிள்ளைகள். நான் என்ன செய்ய வேண்டும்?

அம்மா, ஆபீஸில் என்ன நடந்தது என்று இரண்டு பேரிடமும் கேட்காமல் இருங்கள், அதுவே பாதி உதவி. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோக வேண்டாம், சமாதானத்துக்காகக்கூட வேண்டாம்.

புறநானூற்றில் 183-ஆவது பாட்டு, ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது, கல்வியைப் பற்றியது. ஒரு குடும்பத்தில் பிறந்த பலருக்குள்ளும் 'மூத்தவன் வா' என்று சொல்லாமல் அறிவுடையவன் வழியில்தான் அரசும் போகும் என்று அதில் வரும். பலரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். அதற்கு மேலே ஒரு வரி இருக்கிறது, அதைப் படித்தால் எனக்கு மனசு கனக்கும்: ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள்ளும் சிறப்புக் கண்ட பிள்ளையின் பக்கம் தாயின் மனமும் சாயும் என்கிறது. நீங்கள் சாயவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வீட்டில் ஒரு முடிவு எடுக்கும்போது வழக்கம்போல் அவரையும் கேளுங்கள். சம்பாத்தியம் யாருடையது என்பது அங்கே கணக்கில் வர வேண்டாம்.

கேள்வி: கேட்டால் சிரிப்பீர்கள். தங்கைதான் என் மேலாளர். எல்லார் முன்னாலும் அவளை எப்படிக் கூப்பிடுவது? வா, போ என்பதா, வாங்க, போங்க என்பதா?

சிரிக்கவே இல்லை. எனக்கு முதல் ஆறு மாதம் இதுதான் பெரிய பிரச்சினை. தமிழில் தப்பிக்கவே முடியாது, பெயரைச் சொல்லாமல் விட்டாலும் வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். 'தம்பி வந்தான்' என்று நான் சொன்னால், வெளியாள் முன்னால் முதலாளியை ஒருமையில் பேசியது ஆகிறது. 'வந்தார்' என்றால் என் நாக்கே எனக்கு அந்நியமாக இருந்தது. அதனால் நான் என்ன செய்தேன் என்றால், 'தம்பி வந்தாச்சு', 'தம்பிகிட்ட சொல்லியாச்சு' என்று யார் என்றே காட்டாத மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். அது எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

தங்கையிடமே கேளுங்கள், "வெளியாள் முன்னால் உன்னை எப்படிக் கூப்பிட?" என்று. அவர் எதைச் சொன்னாலும் அதையே எல்லா நாளும் பழகுங்கள், ஒரு நாள் அப்படி, ஒரு நாள் இப்படி என்று இருந்தால்தான் மற்றவர்களுக்குக் கஷ்டம். வாடிக்கையாளர் முன்னால் 'வாங்க', நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது 'வா' என்று வைத்துக்கொண்டாலும் நன்றாகவே ஓடும்.

நான் கேட்டபோது என் தம்பி, "வெளியாளுங்க இருந்தா 'அவர்'னு சொல்லுங்கண்ணே, எனக்காக இல்லை, அவங்க உங்களையும் அப்படித்தான் பேசுவாங்க" என்றான். மறுநாள் காகிதம் கொண்டுவந்தவரிடம் "அவர் உள்ளே இருக்கார், பாருங்க" என்று சொல்லிவிட்டேன். உள்ளே இருந்த அவனுக்கும் கேட்டிருக்கிறது. வெளியே வந்து, லோடு இறக்கும்வரை என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.